கிழக்கு எல்லையில் ஒரு பெயர்

இதை வாசிக்கிற பலருடைய வீட்டிலும் அந்தப் பை இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு மண்ணிறத் தோல் பை. ஒரு பிடி அறுந்து, நைலோன் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். உள்ளே காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், சாதகக் குறிப்புகள், மூலை மடிந்த நாலைந்து படங்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மம்மா அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு இந்தப் பையைத்தான் தூக்கினாவாம். 1995இல் திரும்ப ஓடினபோதும் அதே பை. கடைசியில் அது அம்மம்மாவோடு ஸ்காபரோவுக்கு வந்து, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே குடியேறியது.

இருபது வருடத்துக்கு மேலாக நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. காணி, உறுதி எல்லாம் பெரியவர்களின் விசயம் என்று இருந்துவிட்டேன். போன வருடம் திறக்க வைத்தது என் மகனுடைய ஒரு கேள்வி.

"அம்மா, உங்கட லாஸ்ட் நேம் ஏன் தாத்தான்ர ஃபர்ஸ்ட் நேம்?"

பத்து வயதுப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்திப் பாருங்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை, அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு நிற்கும், வெளிநாட்டுக்கு வந்தபோது விண்ணப்பப் படிவத்தில் பின்னுக்கு ஒரு பெயர் கேட்டார்கள், அதனால் அது பின்னுக்குப் போய்விட்டது என்று சொன்னேன். "அப்ப தாத்தான்ர லாஸ்ட் நேம்?" அது அவருடைய அப்பாவின் பெயர். "அவற்ற அப்பான்ர?" எனக்குத் தெரியவில்லை. மூன்று கேள்வியில் என் பரம்பரை முடிந்துவிட்டது.

குடும்ப மரம் கீறுகிற இணையத்தளங்களில் எங்கள் ஆட்கள் முதலில் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். அந்தத் தளங்கள் தகப்பனின் குடும்பப் பெயர் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி வரும் என்று நினைத்துத் தேடுகின்றன. எங்களுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தப் பெயர் மாறும். போதாததற்கு, பாக்கியம் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தர்கள் ஐந்து மாதிரி எழுதியிருப்பார்கள். ஆகவே பெயரைத் தனியே வைத்துத் தேடாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ஊர்தான் எங்களுக்குக் குடும்பப் பெயர் மாதிரி.

நான் வரலாறு படித்தவள் இல்லை. பிள்ளைகள் படுத்த பிறகு கிடைக்கிற ஒரு மணித்தியாலத்தில் செய்கிற வேலை இது. செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, நான் தேடாமல் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதல் பாடம், காகிதத்துக்கு முன்னால் ஆட்களிடம் போக வேண்டும். காகிதம் காத்திருக்கும், எண்பது வயது காத்திருக்காது. போய், "எந்த வருசம்?" என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவு வராது. "64ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னமோ பின்னமோ?" என்று கேளுங்கள். 58 கலவரம், 74 தமிழாராய்ச்சி மாநாடு, 77 கலவரம், 83 ஆடி என்று எங்கள் பெரியவர்களிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது. அதில் கேட்டால் உடனே பதில் வரும். ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். படம் கதைக்க வைக்கும். வீட்டுப் பெயரையும் பதிவுப் பெயரையும் இரண்டையும் கேட்டு எழுதுங்கள். ஊர் முழுக்க "சின்னத்தம்பி" என்று கூப்பிட்ட ஆளுக்கு உறுதியில் வேறு பெயர் இருக்கும்.

இரண்டாவது, மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்குகிற அந்த நீண்ட வசனத்தை நாங்கள் சின்ன வயதில் நையாண்டி பண்ணியிருக்கிறோம். இப்போது அதை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிறேன். தாய் தகப்பன், மாமன் மாமி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், மைத்துனர்கள் எல்லாரும் ஒரே வசனத்தில், காலஞ்சென்றவர் யார், இருப்பவர் யார் என்ற குறிப்போடு நிற்பார்கள்.

அதைவிடப் பெரியது கல்வெட்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், இரங்கற்பா எல்லாவற்றுக்கும் நடுவில் குடும்ப வரலாறு இருக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீடுகளில் எரிந்ததற்கும் கறையான் தின்றதற்கும் கணக்கே இல்லை. ஆனால் கல்வெட்டு உறவுகள் எல்லாருக்கும் கொடுக்கப்படுவதால், ஒரு வீட்டில் அழிந்தது இன்னொரு வீட்டு அலுமாரியில் கிடக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ். இலங்கைச் சான்றிதழின் கீழ்ப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்குக் கீழே பூட்டனுக்கும் ஒரு கட்டம். பெயர் தேடுகிற எங்களுக்கு அது புதையல். ஆனால் எங்கள் வசதிக்காக வைத்த கட்டம் இல்லை அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தார்கள் என்று காட்டச் சொன்னது. காட்ட முடியாமல் போன மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கிற குடும்ப மரம் அவர்களுக்குக் குடியுரிமைக்கான அத்தாட்சியாக இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் இதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு மூலப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் இதே வேலையைச் செய்யும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. தென்னாபிரிக்கத் தமிழருக்கு நேட்டால் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா எல்லாம் அவற்றில் இருக்கும். மொரீசியஸ் ஆட்களுக்கு மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடிவரவு ஆவணங்கள் இருக்கின்றன.

எனக்குக் கை கொடுத்தது காணி உறுதிதான்.

பையில் மூன்று சீதன உறுதிகள் இருந்தன. 1926இல் பூட்டிக்கு எழுதியது. 1947இல் பூட்டி அம்மம்மாவுக்கு எழுதியது. 1978இல் அம்மம்மா அம்மாவுக்கு எழுதியது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தார்கள். அதில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். சீதனம் பெண்ணோடு போவது. தாயின் சீதனக் காணியில் ஒரு பகுதியாவது மகளுக்கு வரும், பிறகு அவளுடைய மகளுக்கு. அதனால் மற்ற எல்லா இடத்திலும் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் நிற்கிற பெண்கள், சீதன உறுதியில் தங்கள் சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள். சீதனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்பா பக்கத்தில் நாலாவது ஆணில் நின்றுபோன நான், அம்மா பக்கத்தில் பெண் வழியாகவே 1926க்குப் போனேன். அந்த உறுதியில் பூட்டியின் தாயின் பெயரும் இருந்தது. மகனிடம் ஐந்து பெண்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக் காட்டினேன், என்னையும் சேர்த்து.

அங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு சந்தோசமான பத்தியாக முடிந்திருக்கும்.

உறுதி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊர்க் காணிகளுக்குப் பெயர் உண்டு. இந்தக் காணியின் பெயர் நாவலடி வளவு. அளவு பரப்பில் இருக்கும், 16 பரப்பு ஒரு ஏக்கர். பிறகு நாலு எல்லை: வடக்கே யாருடைய காணி, கிழக்கே யாருடையது என்று அயல்காரரின் பெயர்கள். எல்லாரும் உறுதியில் தங்கள் பெயரை மட்டும் தேடிவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். எல்லையையும் வாசிக்க வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்ட நாலாவது பாடம். பக்கத்துக் காணிக்காரர் பல நேரம் சொந்தக்காரர்தான், ஒரே காணியைப் பிரித்துத்தானே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

பூட்டிக்குக் கிடைத்தது 12 பரப்பு. 1947இல் அதில் மேற்குப் பக்கத்து 6 பரப்பை அம்மம்மாவுக்கு எழுதியிருக்கிறா. அந்த உறுதியில் கிழக்கு எல்லை பூட்டியின் மிச்சக் காணி. சரிதான். 1978 உறுதியிலும் அதே 6 பரப்பு. ஆனால் கிழக்கு எல்லையில் வேறு ஒரு பெண்ணின் பெயர். "இன்னாரின் மனைவி இன்னார்." அந்தப் பெயர் எங்கள் மரத்தில் எங்கேயும் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஆரோ பக்கத்துக் காணிக்காரர். அது வெறுங்காணி. நாங்கள் அதுக்குள்ளதான் கிளித்தட்டு மறிக்கிறது."

"ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

"இல்லை. ஆனா அம்மா வருசா வருசம் எங்கட வேலி அடைக்கேக்க அதுக்கும் சேர்த்து அடைப்பிப்பா. ஏன் எண்டு கேட்டா, மாடு வந்திடும் எண்டுவா."

பூட்டனின் கல்வெட்டை எடுத்துப் பார்த்தேன். 1960. பிள்ளைகள் மூன்று பேர்: மூத்த மகன், அம்மம்மா, கடைசி மகன். அந்தப் பெயர் அங்கேயும் இல்லை.

உறுதிகளில் காணிப் பதிவகத்தின் ஏடும் பக்கமும் குறித்திருக்கும். அந்த இலக்கத்தை வைத்துக் கேட்டால், அந்தக் காணியில் பிறகு நடந்த கைமாற்றங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தருவார்கள். ஊரில் பெரியவர்கள் இதைத் தோம்பு எடுக்கிறது என்பார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல் அது. நொத்தாரிசு எழுதுகிற ஒவ்வொரு உறுதியிலும் ஒரு பிரதி பதிவகத்துக்குப் போகும் என்பதால், கையில் இருக்கிற உறுதி தொலைந்தாலும் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. ஊரில் இருக்கிற ஒரு ஒன்றுவிட்ட சகோதரியைப் பிடித்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது.

1961. நன்கொடை உறுதி. நாவலடி வளவின் கிழக்குப் பக்கத்து 6 பரப்பு. கொடுக்கிறவர் பூட்டி. வாங்குகிறவர் அந்தப் பெயர். அதற்கு முன்னால் மூன்று சொல்: "எனது இரண்டாவது மகள்."

கீழே பூட்டியின் பெருவிரல் அடையாளம். 1947 உறுதியில் பூட்டனின் கையெழுத்தும் பக்கத்தில் இருக்கிறது. இதில் இல்லை. தேசவழமையின்படி மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கணவர் போனபிறகு முடியும். பூட்டன் இறந்தது 1960. பூட்டி எழுதியது 1961.

உறுதிக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சியின் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஜேர்மனியிலிருந்து வருகிற வாழ்த்து மடலில் இருக்கிற கையெழுத்து. அம்மம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா. இப்போது 86 வயது.

சனிக்கிழமை காலை எடுத்தேன். சுகம் விசாரித்து, மழை, முழங்கால் வலி எல்லாம் கதைத்து முடித்த பிறகு கேட்டேன்.

"சின்னத் தாத்தா, 61இல ஒரு உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சனீங்களோ?"

கன நேரம் சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட கையெழுத்து இருக்குது."

"அது கிளியக்கான்ர உறுதி," என்றார்.

நான் கேட்க வேண்டி இருக்கவில்லை. அவரே சொன்னார். கிளி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். 1953இல், 21 வயதில், வீட்டுக்கு வேலைக்கு வந்துபோன குடும்பத்துப் பெடியன் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவ. "ஐயா அண்டைக்கே சொல்லிப்போட்டார், இந்த வீட்டில அந்தப் பேர் கேக்கக் கூடாது எண்டு. ஒருத்தரும் சொல்லேல்லை. ஏழு வருசம். ஐயான்ர கல்வெட்டுக்கு விபரம் எழுதிக் குடுத்தது நான்தான். பிள்ளைகள் நாலு பேர் எண்டுதான் எழுதினன். பெரியாக்கள் ஒரு பேரை வெட்டிப்போட்டுத்தான் அச்சுக்குக் குடுத்தவை."

"பூட்டி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஆச்சி ஒண்டும் சொல்லேல்லை. ஆண்டுத் திவசம் முடிஞ்சு அடுத்த கிழமை, விடிய வெள்ளன வந்து, 'தம்பி, சைக்கிளை எடு' எண்டா. ஆச்சி அதுக்கு முன்னம் சைக்கிளில ஏறினதில்லை. பின் கரியரில இருத்தி நாலு மைல் கொண்டுபோனன். நொத்தாரிசு வீட்டு வாசலிலதான் சொன்னா, என்ன விசயமெண்டு."

"அம்மம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? வேலி அடைப்பிச்சது பின்ன ஆருக்காம்?"

கிளியக்கா அந்தக் காணிக்கு வந்து இருக்கவே இல்லையாம். ஊர் விடாது என்று அவவுக்குத் தெரியும். ஒருக்கால் மட்டும் வந்தவ, பூட்டியின் செத்தவீட்டுக்கு. படலையோடு நின்றுவிட்டுப் போய்விட்டா. உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. "நானும் சொல்லேல்லை," என்றார் சின்னத் தாத்தா. பிறகு மருந்து எடுக்கிற நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவ சொன்னது ஒரு வசனம்தான்.

"அப்ப அம்மா கேட்டது பறவையை இல்லை."

அம்மம்மாவுக்குக் கடைசி வருடத்தில் நினைவு தளம்பிவிட்டது. பின்னேரமானால் ஒரே கேள்வி: "கிளி சாப்பிட்டுட்டாளோ?" ஊரில் கிளி வளர்த்திருப்பா என்று நினைத்தோம். என் தங்கச்சியின் மகள், அப்போது நாலு வயது, பச்சை நிறத்தில் ஒரு கிளியைக் கீறி அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். அம்மம்மா அதைப் பார்க்கவே இல்லை. நாங்கள் "ஓமோம், சாப்பிட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

காரணம் சாதி. வேறு சொல் போட்டு எழுதப் பார்த்தேன், வரவில்லை. யாருடையது எந்தச் சாதி என்று எழுதப் போவதில்லை. அதை எழுதினால் சிலர் தலையாட்டுவார்கள், "ஓ, அதுதானோ" என்று. மகனிடம் கதையைச் சொன்னபோது அவன் கேட்டான்: "அவர் என்ன பிழை செய்தவர்?" ஒன்றும் செய்யவில்லை, பிழை எங்கட ஆக்களில் என்றேன். "எங்கட ஆக்கள் எண்டா, அவவும்தானே?" என்றான். எனக்கு அந்தச் சொல்லை இனி முன்பு மாதிரிப் பாவிக்க முடியாது.

எங்களைப் போல இங்கே வளர்ந்தவர்களுக்கு ஒரு ஆசை இருக்கிறது. வேரைத் தேடினால் பெருமைப்பட ஏதாவது கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று. கிடைக்கும்தான். பூட்டி சைக்கிளில் ஏறினது எனக்குப் பெருமை. ஆனால் அதே வேரில் கல்வெட்டில் பெயரை வெட்டின கையும் இருக்கிறது. ஒன்றை எடுத்து மற்றதை விட்டால் அது எங்கள் குடும்பம் இல்லை, வேறு யாருடையதோ.

இது பழங்கதையாகவே இருந்திருந்தால் அழுதுவிட்டு எழுதி வைத்திருப்போம். ஆனால் காணி இப்போது இருக்கிற காணி. 1990இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து விடுபட்டது. போய்ப் பார்த்தபோது வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை, ஒரே பற்றை. கொழும்பில் இருக்கிற பெரிய மாமா, அம்மாவின் அண்ணர், அதைத் துப்புரவாக்கி விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். 12 பரப்பும் ஒன்றாக. கிழக்குப் பக்கம் பூட்டியின் பெயரிலேயே பிரிக்காமல் கிடக்கிறது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். 12 ஆகக் கொடுத்தால்தான் நல்ல விலை.

உறுதியின் படத்தை அனுப்பினேன். அன்றிரவே எடுத்தார்.

"உதை ஏன் இப்ப கிளறுறாய்? அறுவது வருசமா ஒருத்தரும் வந்து கேக்காத காணி."

"மாமா, கேக்க அவையளுக்குத் தெரியுமோ எண்டே எங்களுக்குத் தெரியாது."

"பேர் தேடுறன் எண்டு வெளிக்கிட்டுக் குடும்பத்தைப் பிரிக்கிறாய்."

பிரித்தது நான் இல்லை, 1953 என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காசில் மகனின் கடனை அடைக்க வைத்திருந்தார். மூன்று கிழமை அவரிடமிருந்து தொலைபேசி இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அம்மா என்னோடும் சரியாகக் கதைக்கவில்லை. இந்த வேலையைத் தொடங்க முதல் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: தேடுகிறவர் ஒருவர், தாங்குகிறவர்கள் எல்லாரும்.

நாலாவது கிழமை மாமா எடுத்தார். "கொம்மான்ர ஆறை மட்டும் விப்பம்," என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வாய் மறைத்ததைக் காகிதம் சொன்னது. காகிதத்தில் இல்லாத காரணத்தை வாய் சொன்னது. இரண்டில் ஒன்று மட்டும் என்னிடம் இருந்திருந்தால் கிளியக்கா இன்னும் ஒரு பக்கத்துக் காணிக்காரிதான். காணி இல்லாதவர்களுக்கு உறுதியும் இல்லை. கிளியக்கா கட்டின மனிதரின் குடும்பத்தைப் பற்றி ஒரு காகிதமும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர்கள் யாராவது ஒருவரின் வாயில்தான் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் பெரியவர்களிடம் போகும்போது ஒரு கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "உங்கட சகோதரங்கள் எத்தினை பேர், செத்த ஆக்களையும் கதைக்காமல் விட்ட ஆக்களையும் சேர்த்து?" பதில் உடனே வராது. கேள்வியை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போங்கள்.

எங்கள் ஊரின் பெயரையும் கிளியக்காவின் பதிவுப் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. மறைக்க இல்லை. மரத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, பக்கத்தில் அவவின் கணவரின் பெயரும். அவர்கள் அறுபதுகளில் வன்னிப் பக்கம் போனார்கள் என்று சின்னத் தாத்தா சொன்னார். பிள்ளைகள் இருந்தார்களாம், எத்தனை என்று தெரியாது. 2009இல் வன்னியில் இருந்தார்களா என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. ஒன்றுவிட்ட சகோதரி கிராம சேவகரிடம் விசாரிக்கிறாள். அவர்களில் ஒருவர் எங்கேயாவது இருந்தால், இந்தக் கதையை ஒரு பத்தியில் வாசித்து அறியக்கூடாது. நாங்கள் போய்ச் சொல்ல வேண்டும், உறுதியின் பிரதியோடு.

போன மாதம் மாமா எங்கள் 6 பரப்புக்கும் வேலி போட ஆள் பிடித்தார். கிழக்குப் பக்கத்தையும் சேர்த்து அடைக்க எவ்வளவு வரும் என்று அம்மா கேட்டா. முந்தி மாதிரிக் கிடுகும் ஓலையும் இல்லை, இப்போது தூணும் முள்ளுக்கம்பியும். அம்மா தன் ஓய்வூதியத்தில் காசு அனுப்பினா. ஏன் என்று மாமா கேட்டாராம்.

"மாடு வந்திடும்," என்று சொன்னாவாம்.